முயலைக் காட்டிவிட்டுப் போவது

பிள்ளையை அழவிடாமல் விட்டுவிட்டுப் போவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பிள்ளையைப் பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டையோ கோழியையோ காட்டுவார். மற்றவர் முன்பக்கத்தால் போய்விடுவார். சத்தம் கேட்காமல் இருக்க வாசல் படலையைக் கொஞ்சம் தூக்கித் திறப்பார். பிள்ளை திரும்பி வரும்போது போகவேண்டியவர் போயிருப்பார். அதன் பிறகு அழுகை வந்தாலும் போனவர் அதைக் கேட்கப்போவதில்லை. இந்த முறையின் வசதியே அதுதான்.

என் மகள் போகும் முன்பள்ளியில் முயல்கள் இருக்கின்றன. மண்டபத்துக்குப் பின்னால் கம்பிவலை அடித்த கூடு. முதல் நாளே ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீங்கள் நிண்டா அவ அழுவா. நான் முயல் காட்டக் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் அப்பிடியே மெல்ல மாறிடுங்கோ."

"சொல்லிப்போட்டுப் போகட்டோ?"

"ஐயோ, சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா முடிஞ்சுது."

நான் மெல்ல மாறி வெளியே வந்தேன். மகளுக்கு மூன்று வயது. நான் நாற்பதைத் தாண்டியவன், பிந்திய கலியாணம். மனைவி யாழ்ப்பாணம் நகரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். விடிந்ததும் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். நான் ஒரு பத்திரிகையில் செய்தி ஆசிரியர். காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் மத்தியானம் ஏற்றிவந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைப்பதும் என் பொறுப்பு.

முன்பள்ளி ஒரு ஒடுங்கிய ஒழுங்கையின் உள்ளே இருக்கிறது. அங்கே மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்தால் முயல்கூட்டடிக்குக் கேட்கும். ஆகவே நாங்கள் ஸ்டார்ட் செய்வதில்லை. ஒழுங்கை முடிந்து பெரிய ரோட்டு வரும்வரை உருட்டிக்கொண்டு போவோம். சில காலைகளில் என்னைப்போல இரண்டு மூன்று அப்பாமார் ஒன்றாக உருட்டுவோம். ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. பார்க்கிறவனுக்கு யாரோ சைக்கிள் களவெடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் தோன்றும். பெரிய ரோட்டில் ஏறியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் உதைப்போம். அப்போதுதான் யாராவது ஒருவர் மழையைப் பற்றியோ பெற்றோல் விலையைப் பற்றியோ வாய் திறப்பார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று மற்ற அப்பாமார் கேட்கலாம். அவர்களுக்கு இல்லாமல் இருக்கலாம். எனக்கு இருந்தது. காரணம், சொல்லாமல் போவது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எனக்கு ஒரு வருத்தம், ஒரு நோய், இருக்கிறது. மனைவி போனை எடுக்காவிட்டால் நான் அவளை மனதுக்குள் சாகக் கொடுத்துவிடுவேன். அடித்த போன் இரண்டாம் முறையும் எடுபடாவிட்டால் நெஞ்சு அடைக்கும், கை குளிரும். பஸ் புரண்டு கிடப்பதும், ரோட்டில் அவளுடைய கைப்பை கிடப்பதும், நான் யாருக்கு முதலில் அறிவிப்பது என்பதும் ஒழுங்காக வரிசையில் வரும். விபத்துச் செய்திகளை எத்தனையோ முறை திருத்தி எழுதியவன் என்பதால் வசனங்களும் சுத்தமாகவே வரும். பிறகு வங்கியின் பொது இலக்கத்துக்கு அடிப்பேன். அங்கே கவுண்டரில் இருக்கும் பிள்ளைகள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

"நான் பாங்கிலை இருக்கிறன், பங்கருக்குள்ளை இல்லை," என்பாள் மனைவி. "சாப்பிடப் போனாலும் உங்களிட்டை லீவு கேக்கோணுமோ?"

இது ஒரு பாதி. மற்றப் பாதி, ஒன்றுமே நடக்காத கிழமைகளில் வரும். எழுந்து முகம் கழுவுவது பெரிய வேலையாக இருக்கும். பத்திரிகைக் கந்தோரில் மற்றவர்களுடைய வசனங்களைத் திருத்துவேன். வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒரு வசனம் சொல்ல வராது. போர் நடந்த காலத்தில் நான் நிதானமானவன் என்று பெயரெடுத்தவன். செல் விழுந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்த ஆள்தான் மனைவி சோறு தின்னப் போன நேரத்தில் இப்படி நடுங்குகிறான்.

கடைசியில் வைத்தியரிடம் போனேன். நகரத்து ஆஸ்பத்திரிக்கு இல்லை. அங்கே வாசலில் நிற்கிறவர் முதல் மருந்து கொடுக்கிறவர் வரை என்னைத் தெரியும். வேறு ஒரு ஊர் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போனேன். வீட்டில் செய்தி சேகரிக்கப் போவதாகச் சொன்னேன். தந்த குளிசைகளை வைட்டமின் போத்தலில் போட்டு வைத்தேன். அந்த மாதத்திலேயே எங்கள் ஞாயிறு இதழில் மனநலம் பற்றி ஒரு பக்கம் வந்தது. "மறைக்க வேண்டாம், மருத்துவரை நாடுவோம்" என்ற தலைப்பை வைத்தவன் நான். வீட்டு மேசை லாச்சிக்குள் வைட்டமின் போத்தல் இருந்தது.

இரண்டாம் முறை போனபோது காத்திருக்கும் வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர், எங்கள் கலியாணத்தைப் பேசிமுடித்த தரகர். இரண்டு வீட்டுக்கும் நடந்து, பரம்பரையில் வலிப்பு உண்டா, சலரோகம் உண்டா, விசர், பைத்தியம் உண்டா என்று விசாரித்து, ஒன்றுமில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் உறுதி சொன்ன மனிதர். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். அதற்குள் நான் அவரைக் கண்டுவிட்டேன்.

"தம்பி! என்ன இஞ்சாலை?"

"பிரஷர் அண்ணை."

"அதுதானே பாத்தன். எனக்கும் பிரஷர்தான்."

"கூடவோ?"

"கூடிக் குறையுது. இந்த உப்பைக் குறைக்கச் சொல்லித்தான் வீட்டிலை சண்டை."

பிரஷர் கிளினிக் மற்றக் கட்டடத்தில். நாங்கள் இருந்த இடம் எது என்று எங்கள் தலைக்கு மேலே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. நேர்ஸ் மிஸ்ஸி அவர் பெயரைக் கூப்பிட்டார். "பிரஷர் பாக்கக் கூப்பிடினம், போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நான் தலையாட்டினேன்.

அன்று என்னைப் பார்த்த வைத்தியர் என்னைவிட மிகவும் இளைய பெண். எப்போது தொடங்கியது என்று கேட்டார். நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். குண்டு போடப் பொம்பர் வந்த காலம், இடப்பெயர்வு, கைதடிப் பாலத்தில் மழைக்குள் சனத்தோடு சனமாக நின்றது, பத்திரிகை வேலை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவர் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கு முதல்?" என்றார்.

"முதல் எண்டா?"

"சின்னப் பிள்ளையா இருக்கேக்கை. ஆரோடை இருந்தனீங்கள்?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எங்கள் ஊரில் மனம் சரியில்லை என்றால் போர் என்று சொல்லிவிடலாம். மேலே கேள்வி வராது. நானும் அதைத்தான் எண்ணியிருந்தேன். சொல்லத் தொடங்கியபோதுதான், சொல்வதற்கு எவ்வளவு சின்ன விடயம் இருக்கிறது என்று தெரிந்தது.

என் அப்பா கொழும்பில் ஒரு திணைக்களத்தில் கிளாக்கர், லீவுக்கு வருவார். அம்மா ஆசிரியை. எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவருக்குத் தீவுப் பக்கம் மாற்றம் வந்தது. திங்கட்கிழமை விடியப் பஸ்ஸில் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து வள்ளம். வெள்ளி பின்னேரம் திரும்பி வருவார். நாங்கள் மானிப்பாயில் அப்பாவின் தங்கையோடு இருந்தோம், எனக்கு மாமி. திங்கட்கிழமை விடிந்ததும் மாமி என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா ராசா, கோழிக்கூடு திறப்பம்," என்பார். கூட்டுக் கதவில் ஒரு மரத்தாழ்ப்பாள். அதை இழுக்கிற உரிமை எனக்கு. இழுத்ததும் கோழிகள் செட்டை அடித்துக்கொண்டு பாயும். நான் கைதட்டுவேன். திரும்பி வீட்டுக்குள் வந்தால் அம்மா இல்லை.

கொஞ்சக் காலத்தில் நான் அழுவதை விட்டுவிட்டேன் என்று மாமி சொல்வார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்வார். "தாயைத் தேடவே தேடாது. அவ்வளவு நல்ல பிள்ளை." நல்ல பிள்ளை என்ற பெயர் எனக்கு அங்கே கிடைத்தது. பிறகு நிதானமானவன் என்று கிடைத்ததும் அதே பெயர்தானோ என்று இப்போது நினைக்கிறேன்.

இதைச் சொல்லி முடித்ததும் என் முகம் சுட்டது. வெளியே வாங்கில் ஒரு அம்மா இருந்தார். காணாமல் போன மகனின் படத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். அவருக்கு அடுத்த இலக்கத்தில் நான் உள்ளே வந்து கோழிக்கூட்டைப் பற்றி முறையிடுகிறேன். வேலைக்குப் போன ஒரு தாய், வெள்ளிக்கிழமை தவறாமல் வந்த தாய். காரணம் இன்னும் பெரியதாக இருந்திருந்தால் என் வெட்கம் குறைந்திருக்கும்.

"அதுதான் காரணமோ டொக்டர்?" என்று கேட்டேன். பேட்டி எடுக்கிற பழக்கம். உறுதியான வசனம் ஒன்று வேண்டும்.

"அப்பிடி நான் சொல்லமாட்டன்," என்றார். "ஒரு ஆள் சொல்லாமல் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தா, சில பிள்ளையள் எந்த நேரமும் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கப் பழகிவிடுங்கள். வளந்த பிறகும் உடம்பு அதை விடாது. சில பிள்ளையளுக்கு ஒண்டும் செய்யாது. பிறவிக் குணமும் இருக்கு. பிறகு நீங்கள் பட்ட பாடுகளும் சேந்திருக்கு. எது எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது. உங்கடை பேப்பரிலை மாதிரி ஒரு வரியிலை தலைப்புப் போட ஏலாது."

எழும்பும்போது, "உங்களுக்குப் பிள்ளை இருக்கோ?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். முயல்களைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் வீட்டில் என் செருப்பு காணாமல் போகத் தொடங்கியிருந்தது. இரண்டும் போவதில்லை, ஒன்றுதான். கட்டிலுக்குக் கீழே, அரிசிப் பானைக்குப் பின்னால், ஒருநாள் சலவைக்குப் போட்ட துணிக்குள் கிடந்தது. மகள்தான் ஒளித்தாள். நாங்கள் சிரித்தோம். மனைவி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு ஒரு கால் போதும், என்ன குஞ்சு? நொண்டி நொண்டிப் போகட்டும்," என்றாள். மகள் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனிப்பது என் தொழில். கவனித்ததை வைத்து ஒன்றும் செய்யாமல் விடுவதும் சில நேரம் தொழிலில் வந்துவிடும்.

பிறகு அவள் வேறு சிலவும் செய்தாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே இருந்து "அப்பா, நிக்கிறீங்களோ?" என்று விடாமல் கேட்பாள். வாளியில் தண்ணீர் அள்ளுகிற சத்தம் நின்றால் கதவைத் தட்டுவாள். யாரும் எதையும் காட்டினால் காட்டுகிற பக்கம் பார்க்கமாட்டாள். காட்டுகிறவரின் கையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம்போல அவளை முன்பள்ளிக்குக் கொண்டுபோனேன். மண்டபத்துக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். அவளுடைய பையைக் கொழுவி, சாப்பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ரீச்சர் அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போயிருந்தார். வாசலுக்கு வந்தால் இடது செருப்பு மட்டும் இருந்தது.

எட்டிப் பார்த்தேன். முயல்கூட்டடியில் மற்றப் பிள்ளைகள் கம்பிக்குள் பொன்னாங்காணிக் கீரை நீட்டிக்கொண்டு நின்றார்கள். என் மகள் கொஞ்சம் தள்ளி நிலத்தில் இருந்தாள். என் வலது செருப்பு அவள் மடியில்.

போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் என்னைக் காண்பாள். கண்டால் அழுவாள். அழுதால் ரீச்சர் என்னைப் பார்ப்பார், மற்றப் பெற்றோர் பார்ப்பார்கள். நான் இடது செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வெறும் வலது காலோடு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் போனேன். கூட வந்த ஒரு அப்பா என் காலைப் பார்த்தார். பெரிய ரோட்டில் ஏறி வெறுங்காலால் உதைத்தேன்.

கந்தோரில் அது கண்ணில் படாமல் போகுமா? ஒப்புநோக்குகிற தம்பிதான் முதலில் கண்டான்.

"அண்ணை, மற்றது எங்கை? நேத்திக்கடனோ?"

"ஒற்றைச் செருப்போடை வந்தா ஒற்றைக் கால் சம்பளம்தான்," என்றார் விளம்பரப் பகுதியில் இருந்தவர்.

"கோயில்லை ஆரும் மாறிக் கொழுவிக்கொண்டு போட்டினமோ?"

"நாய் தூக்கிக்கொண்டு போட்டுது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மகளை நாயாக்கியதை நான் மட்டும் அறிவேன். காலைக் கூட்டம் முடியும்வரை வெறுங்காலை மேசைக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் போனபோது ரீச்சர் வாசலுக்கே வந்தார். நல்ல சந்தோசம்.

"இண்டைக்கு அழவே இல்லை! நல்ல பிள்ளை. செருப்பைத்தான் விடேல்லை. படம் கீறேக்கையும் மடியிலை வச்சிருந்தா. நாங்களும் அழாமல் இருந்தாப் போதும் எண்டு விட்டிட்டம்."

நல்ல பிள்ளை. அந்தச் சொல்லை மானிப்பாய் வீட்டில் மாமி சொல்கிற அதே தொனியில் கேட்டேன்.

மகள் உள்ளே இருந்து செருப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். என் காலடியில் குனிந்து வைத்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"அப்பா, நீங்கள் போகேல்லைத்தானே?"

செருப்பு அவளிடம் இருந்தது. செருப்பில்லாமல் அப்பா போகமுடியாது. ஆகவே அப்பா எங்கேயோ பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். காலை முழுவதும் அவள் அழாமல் இருந்தது இந்தக் கணக்கில்தான். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழையான தகவலைக் கொடுத்தவன் நான்.

"ஓம் பிள்ளை, போகேல்லை," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. ரீச்சர் சிரித்தார். நான் வலது செருப்பைப் போட்டேன். அது சூடாக இருந்தது.

ஒரு சின்னப் பொய்தான். எல்லா வீடுகளிலும் சொல்வது. ஆனால் நான் என் வாழ்நாளில் எழுதிய எந்தப் பிழையான செய்தியும் என்னை இப்படி வெட்கப்பட வைத்ததில்லை. பத்திரிகையில் பிழை விட்டால் அடுத்த நாள் திருத்தம் போடலாம்.

அவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கந்தோருக்குப் போகாமல் மானிப்பாய்க்குப் போனேன். மாமி இப்போது இல்லை. அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார். கோழிக்கூடு இருந்த இடத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டியாயிற்று. அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்கத் தொடங்கினேன். திங்கட்கிழமைகளில் எத்தனை மணிக்குப் போவீர்கள், யார் என்னைத் தூக்குவது, எனக்கு ஒருநாளாவது சொல்லிவிட்டுப் போனீர்களா?

"என்னடா இது, பேப்பரிலை போடப் போறியோ?"

"இல்லையம்மா, சும்மா."

"சும்மா கேக்கிற முகமே இது? அந்த நேரம் எல்லாரும் அப்பிடித்தான் போனது. நீ அழுதா நான் வேலைக்குப் போயிருக்கமாட்டன். உன்ரை கொப்பற்ரை சம்பளம் கொழும்பிலை அவற்ரை சாப்பாட்டுக்கே சரி."

எழுபது கடந்த ஒரு மனுசியை மேசைக்கு முன்னால் இருத்திக் குறுக்குக் கேள்வி கேட்பதுபோல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்தது. நிறுத்தலாம் என்று எழும்பினேன். அம்மா கீரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒருநாள் திரும்பி வந்தனான். கடல் அடிச்சு வள்ளம் விடேல்லை. இறங்குதுறையிலை நிண்டுபோட்டு அடுத்த பஸ்ஸிலை வந்திட்டன். நீ வீட்டு முத்தத்திலை நிண்டனி. ஓடிவந்து கட்டிப்பிடிப்பாய் எண்டு நினைச்சன். நீ வரேல்லை. தெரியாத ஆளைப் பாக்கிற மாதிரிப் பாத்துப்போட்டு, மாமியின்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு திரும்பி நிண்டாய். மாமி சிரிச்சா. எனக்கு வெக்கமாப் போச்சு. உன்ரை கொப்பருக்கும் நான் அதைச் சொல்லேல்லை."

எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. அம்மா இத்தனை வருடமும் ஞாபகத்தில் வைத்திருந்தார்.

"பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

"அவளுக்கு ஒண்டுமில்லை."

"அப்ப உனக்கோ?"

"எனக்கும் ஒண்டுமில்லை," என்று சொல்லிவிட்டு, அவர் தந்த கீரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் மனைவி வந்து, உடுப்பு மாற்றாமல் மகளைப் பார்க்கப் போனவள், அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். மகள் நித்திரை. கைக்குள் என் செருப்பு.

"என்ன இது புதுசா? படுக்கையிலையும்?"

நடந்ததைச் சொன்னேன். ஒற்றைக் காலோடு உருட்டியதைச் சொன்னபோது சிரித்தாள். மகள் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"போகேல்லை எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்."

"அப்ப நாளைக்கும் அவள் செருப்பை வச்சுக்கொண்டு இருக்கப்போறாள். ஒருநாளைக்கு நீங்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவியள். அப்ப?"

அந்த இடத்தில் மற்றதையும் சொல்லிவிடுவதுதான் சரி என்று பட்டது. "உம்மட்டை இன்னொண்டு சொல்லோணும்," என்றேன்.

"வைட்டமின் போத்தலோ?" என்றாள்.

"தெரியுமோ?"

"வைட்டமின் மஞ்சள். நீங்கள் போடுறது வெள்ளை. நான் என்ன, கண் தெரியாத ஆளோ?"

"ஏன் கேக்கேல்லை?"

"எப்பிடிக் கேக்கிறது? செய்தி எடுக்கப் போறன் எண்டு சொல்லி வெளிக்கிடுவியள். அண்டைக்கு மட்டும் கமராவை விட்டிட்டுப் போவியள்." கட்டில் விளிம்பில் இருந்து, மகளின் கைக்குள் இருந்த செருப்பைப் பார்த்தாள். "எனக்கும் முயல் காட்டிப்போட்டுத்தானே போறியள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். மிகுதியை நான் சொன்னேன். கிளினிக், தரகர், கோழிக்கூடு, எல்லாவற்றையும். தரகர் வந்த இடத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தாள்தான் உங்கடை பக்கத்திலை ஒரு குறையுமில்லை எண்டு எங்கடை அப்பாவுக்குச் சத்தியம் பண்ணினது," என்றாள்.

அடுத்த நாள் காலை முன்பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றியதும் மகள் வலதைத் தூக்கிக்கொண்டாள். நான் அவளுக்கு முன்னால் குந்தி இருந்தேன்.

"பிள்ளை, அப்பா இப்ப கந்தோருக்குப் போகப்போறன். மத்தியானம், நீங்கள் சாப்பிட்டு முடிய, வருவன்."

அவள் செருப்பை நெஞ்சோடு அணைத்தாள்.

"நேற்றும் அப்பா போனனான். போகேல்லை எண்டு பொய் சொன்னனான்."

மூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் தேவையா என்று பின்னால் யாரோ கேட்டார்கள். மகள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அப்படி ஒரு அழுகையை நான் அவளிடம் கேட்டதில்லை. மண்டபத்துக்குள் இருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு பேர் கூடச் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். செருப்பை என்மேல் எறிந்தாள். அது என் தோளில் பட்டு விழுந்தது. காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சேர் இது?" என்றார் ரீச்சர். "நேற்று எவ்வளவு நல்லா இருந்த பிள்ளை. முயல் காட்டக் கூட்டிக்கொண்டு போயிருப்பன்தானே."

"சொல்லிப்போட்டுப் போறன் ரீச்சர். இனிச் சொல்லிப்போட்டுத்தான் போவன்."

"பாருங்கோ, இப்ப மற்றதுகளும் தொடங்கியிட்டுதுகள்."

ஒரு அம்மா தன் பிள்ளையை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டு போனார். வழக்கமாக என்னோடு உருட்டுகிற அப்பா ஒருவர், பிள்ளைக்கு அடித்துவிட்டேனோ என்பதுபோல என்னைப் பார்த்தார். ரீச்சர் மகளின் கைகளை என் காலிலிருந்து கழற்றித் தூக்கினார். நான் இரண்டு செருப்பையும் போட்டேன். படலையைச் சத்தம் கேட்கத் திறந்தேன். ஒழுங்கையிலேயே மோட்டார் சைக்கிளை உதைத்தேன். பெரிய ரோட்டில் ஏறும்வரை அவள் அழுவது எனக்குக் கேட்டது. அம்மா தீவுக்குப் போன அத்தனை திங்கட்கிழமைகளிலும் இதைக் கேட்காமல் இருக்கத்தான் படலையைத் தூக்கித் திறந்திருக்கிறார். அவரை நான் அந்த இடத்தில் நன்றாக விளங்கிக்கொண்டேன். மூன்று முறை திரும்பிப் போகப் பார்த்தேன்.

மத்தியானம் நேரத்தோடு போனேன். மகள் மண்டபத்தில் மற்றவர்களோடு இருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அம்மா சொன்ன முற்றம் எனக்கு ஞாபகம் வந்தது. கூப்பிடாமல் வாசலில் நின்றேன். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். ரீச்சர் கூட்டிப் பெருக்கத் தொடங்கினார். கடைசியில் அவள் எழும்பி வந்து, என்னைப் பார்க்காமல், என் கையில் பையைத் தந்தாள்.

மோட்டார் சைக்கிளில் அவள் எனக்கு முன்னால் பெற்றோல் தாங்கியில் இருப்பாள். ஒழுங்கை தாண்டியதும் கதைத்தாள்.

"நீங்கள் போனீங்கள்."

"ஓம். போனனான்."

"பிறகு வந்தீங்கள்."

"ஓம். வந்தனான்."

சந்தியில் நிறுத்தினேன். பஸ் ஒன்று கடந்து போனது. அவள் மறுபடி சொன்னாள். நீங்கள் போனீங்கள். பிறகு வந்தீங்கள். வீடு வரும்வரை சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் ஓம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கையில் தட்டினாள். தகவலை உறுதிப்படுத்துகிற ஒருவரின் பொறுமை அதில் இருந்தது.

இதனால் என்ன மாறும் என்று எனக்குத் தெரியாது. அன்று பின்னேரமே மனைவி போனை எடுக்கவில்லை. என் கை குளிர்ந்தது. கிளினிக்குக்கு இப்போது சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஆனால் தரகர் பக்கத்தில் வந்து இருந்து "பிரஷர் எப்பிடித் தம்பி?" என்று கேட்டால், "இருக்கு அண்ணை," என்றுதான் இன்னமும் சொல்கிறேன்.

அந்த அழுகைக்கு அடுத்த நாள் காலை வெளிக்கிடும்போது வலது செருப்பைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே இருக்கும், அல்லது அரிசிப் பானைக்குப் பின்னால். நான் தேடவில்லை. அவளிடம் போய், நான் போகவேண்டும், தாருங்கோ என்று கேட்டேன்.